வைதேகி பெயரில் ஒரு டிக்கெட்

சிக்னலில் சிவப்பு மனிதன் பச்சையாகும்வரை சுதா காத்திருக்கவில்லை. சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தாள். ஒரு டாக்சி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கித் திட்டுவதற்குள் அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் இருந்தாள்.

காதில் போன். கழுத்தில் பல் கிளினிக்கின் அடையாள அட்டை.

“அருண், போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தியா?”

“பார்த்துட்டேன்க்கா. ஒரு டீ கிளாஸ். பின்னாடி தூண். தூண்ல கடை நம்பர் இருக்கு, ஆனா ஒரு ஆன்ட்டியோட கொண்டை மறைக்குது.”

“தேக்காதான். அந்த மேசையில நானும் உக்காந்திருக்கேன். போனை எடுக்கிறாரா?”

“பதினோரு தடவை அடிச்சிட்டேன். சைலன்ட்ல போட்டிருப்பாரு. ஆமா, கிளினிக்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“வயித்துவலின்னு. பல்வலின்னு சொன்னா அங்கேயே படுக்க வெச்சிருவாங்க.”

அருண்ராஜ் சிரிக்கவில்லை. அவனும் அந்தச் செய்தியைப் படித்திருந்தான். அவர்கள் நாடகக் குழுவில் மொத்தமே மூன்று பேர். குழுவின் வாட்ஸ்அப்பில் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அது வந்தது. டீ கிளாஸின் படம். அதற்குக் கீழே அழகப்பன் எழுதியிருந்தார்:

‘இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ் வேலைக்கு முழுக்குப் போட்டுடறேன். இருபத்தேழு வருஷம் போதும்லா. எடின்பரோ போறோம். சுதா, நீ அவங்களுக்கு யெஸ் சொல்லிடு.’

அழகப்பனுக்கு ஐம்பத்து நாலு வயது. சாங்கி விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் சூப்பர்வைசர். குழுவின் ஒரே நடிகர். நாடகத்தை எழுதி இயக்கியவள் சுதா. மதுரையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்த அருண்ராஜ் விளக்கும் ஒலியும் பார்த்துக்கொண்டு, திரையில் ஆங்கில வரிகளையும் ஓட்டுவான்.

இப்போது மணி மூன்று இருபத்தைந்து. ஐந்து மணிக்குள் அழகப்பனைப் பிடித்தாக வேண்டும். பிடித்து ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், ஒரு மனிதர் இல்லாத ஒன்றை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடுவார். அதற்குக் காரணம் சுதாவாக இருப்பாள்.

“நான் வேணா எக்ஸ்போ ஸ்டேஷன்ல போய் நிக்கட்டுமா? என் ஆபீஸ்லேர்ந்து அஞ்சு நிமிஷம். அண்ணே அங்கதான் மாறி ஏர்போர்ட் டிரெயின் பிடிக்கணும்” என்றான் அருண்ராஜ்.

“நில்லு. ஆனா எதுவும் சொல்லாத. நான்தான் சொல்லணும்.”

“என்னத்தைக்கா?”

சுதா இணைப்பைத் துண்டித்தாள்.

தேக்கா சந்தைக் கட்டடத்தின் உணவுக்கடைப் பகுதியில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. டீக்கடை ஜாஃபர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அழகப்பன் அண்ணனா? இப்பத்தான் எந்திரிச்சுப் போனாரு. ஒரு டீயை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம். நான் போய், ‘என்னண்ணே, டீயில ஈ கிடக்கா’ன்னு கேட்டேன். சிரிச்சாரு.”

“எந்தப் பக்கம் போனாரு?”

“எம்ஆர்டி ரயிலுக்கு. ஏம்மா, எதாச்சும் பிரச்சினையா?”

பதில் சொல்ல நேரமில்லை. நகரும் படிகளில் இடப்பக்கம் நின்றவர்களை உரசிக்கொண்டு இறங்கினாள். கீழே எக்ஸ்போ போகும் ரயில் கதவைத் திறந்து வைத்திருந்தது. கதவு மூடப்போவதாகக் குரல் சொன்னது. அவள் பாய்ந்தாள். கைப்பை கதவில் சிக்கி விடுபட்டது.

இந்த வழித்தட ரயிலுக்கு மூன்றே பெட்டிகள். முதல் இரண்டிலும் அவர் இல்லை. மூன்றாவதில், ஓர இருக்கையில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அழகப்பன்.

சுதா இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. அதைவிட, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஆரம்பம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். போன மாதம், அங்கே கோடைக்காலம். ஃபிரிஞ்ச் நாடக விழா என்றால் அழைப்பிதழ் தேவையில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எந்தக் குழுவும் போகலாம். இடத்தைப் பிடித்து நாடகம் போடலாம். ஆட்களைச் சேர்ப்பது அவரவர் பாடு. இவர்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய மதுக்கூடத்தின் மாடி அறை. நாற்பது நாற்காலி. நேரம் காலை பதினொன்று நாற்பது. ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். அடுத்த குழு, பொம்மைகளோடும் ஒரு டிரம்போடும் நடைவழியில் காத்திருக்கும்.

நாடகத்தின் பெயர் ‘யாரும் கேட்காத பெட்டி’. சரக்குக் கொட்டகையில் யாருமே பெற்றுக்கொள்ள வராத ஒரு பெட்டியோடு ஓர் ஊழியன் இரவு முழுக்கப் பேசுவது. மேடையில் ஒரு மனிதர், ஒரு பெட்டி. அவ்வளவுதான். மூன்று பேரும் தினமும் காலையில் தெருவில் நின்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் புன்னகைத்தார்கள். தமிழ் நாடகம், அதுவும் காலையில் என்றதும் பீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

முதல் நாள் நாலு பேர். இரண்டாம் நாள் இரண்டு பேர். மூன்றாம் நாள் பதினொரு மணிக்குச் சுதா போனில் பார்த்தபோது பூஜ்யம்.

அந்த அறைக்கு ஒரு விதி இருந்தது. பதினொன்று பத்துக்குள் ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை என்றால் அன்றைய காட்சி ரத்து. ஒன்று விற்றிருந்தால் போதும், கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிடுவார்கள். வாங்கியவர் வராவிட்டாலும் நாடகம் நடக்கும்.

அழகப்பன் அப்போது உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார். சுதா கழிப்பறைக்குப் போகும் நடைவழியில் நின்று, தன் போனிலேயே ஒரு டிக்கெட் வாங்கினாள். பெயர் கேட்டது. சொந்தப் பெயரைப் போட முடியாது. மனதில் முதலில் வந்த பெயரைத் தட்டினாள். வைதேகி.

மறுநாளும் பூஜ்யம். மறுநாளும் அதே நடைவழி. பெயர் இடத்தில் போன் தானாகவே ‘வைதேகி’ என்று நிரப்பிக்கொண்டது. பதற்றத்தில் அவள் மாற்றவில்லை. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

அங்கேதான் தப்பு நடந்தது. வேறெந்த நடிகராக இருந்தாலும் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு மேடை ஏறியிருப்பார். அழகப்பன் சரக்குக் கொட்டகைக்காரர். பட்டியலைப் பார்க்காமல் வேலையில் இறங்கிப் பழக்கமில்லாதவர். தினமும் வாசலில் நிற்கும் பெண்ணிடம் பெயர்ப் பட்டியலை வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் பார்ப்பார்.

“வைதேகி. நம்மூர்ப் பொண்ணு போல” என்றார் மூன்றாம் நாள்.

“மறுபடியும் வைதேகி. நேத்து வர முடியலைன்னு இன்னிக்கு வாங்கியிருக்கா” என்றார் நாலாம் நாள்.

ஆறாம் நாள் அவருக்குக் கதையே கிடைத்துவிட்டது. “நர்ஸா இருக்கும் சுதா. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வரணும்னு நினைக்கிறா. வீட்டுக்குப் போனதும் தூங்கிப் போயிடறா.”

“அண்ணே, யாரோ தப்பா வாங்கியிருப்பாங்க.”

“ஒரு தடவைன்னா தப்பு. நாலு தடவையா? இங்க பாரு, பேப்பர்ல பேர் இருந்தா சரக்கு எங்கயோ இருக்கு. லேட்டாகும். ஆனா வரும்.”

மொத்தம் எட்டு நாள் டிக்கெட்; எட்டு நாளும் வைதேகி வரவில்லை. அதில் ஐந்து நாள் பட்டியலில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது; மற்ற மூன்று நாள் கடைசி நேரத்தில் ஓரிருவர் சேர்ந்தார்கள். அழகப்பன் முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியை அவளுக்கென்று ஒதுக்கி, அதைப் பார்த்து நடித்தார்.

சிங்கப்பூர் திரும்பியதும், ஆகஸ்டில் எடின்பரோ விழாவில் ஓர் அறை தருவதாகக் கடிதம் வந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் அருண்ராஜ் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். சுதாவுக்கே தயக்கம். அழகப்பன்தான் முடித்துவைத்தார்.

“என்னைப் பார்க்கணும்னு ஒருத்தி எட்டுத் தடவை டிக்கெட் வாங்கியிருக்கா. ஐம்பத்து நாலு வருஷத்துல எனக்கு இப்படி யாரும் செஞ்சதில்ல. ஒருத்தி இருந்தா பத்து பேர் இருப்பாங்க. நான் வர்றேன்.”

சுதா அன்றைக்கே சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“ஏ, சுதா!” அழகப்பன் பார்த்துவிட்டார். “நீ எங்க இங்க? கிளினிக் இல்ல?”

“வயித்துவலி.”

“வயித்துவலிக்கு யாராச்சும் டிரெயினைத் துரத்துவாங்களா? உக்காரு.”

உட்கார்ந்தாள். பூகிஸ் நிலையம் போனது. இருபது நிலையங்களுக்கு மேல் இருக்கிறது, மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். பேஃப்ரண்டில் ஒரு சுற்றுலாக் கூட்டம் ஏறி, சைனாடவுனில் இறங்கியது. அதுவரை அவர் எடின்பரோவில் ஆகஸ்டிலும் குளிருமாமே, ஸ்வெட்டர் எங்கே மலிவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் நகரத்தைச் சுற்றிவிட்டு ஜாலான் புசாருக்கு வந்தது. ஏறிய இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கலாம். கால் மணி நேரம் வீண்.

“அண்ணே, லெட்டர் எழுதிட்டீங்களா?”

“எழுதியாச்சு.”

“குடுக்காதீங்க.”

“ஒரு மாசம் லீவு கேட்டா எவன் குடுப்பான்? நீயே சொல்லு.”

“அதனாலதான் சொல்றேன். நாம போக வேணாம். உங்க பாப்பா பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம். பூவம்மா அண்ணி என்ன சொல்வாங்க?”

“பூவம்மாவை நான் பார்த்துக்கறேன்” என்றார். முகத்தில் ஏதோ வந்து போனது. “என்ன திடீர்னு? நீதானே இந்த நாடகத்தை உலகமெல்லாம் கொண்டுபோகணும்னு குதிச்ச?”

பெண்டமியர். கேலாங் பாரு. போன் அதிர்ந்தது. ‘எக்ஸ்போ கேட்ல நிக்கிறேன். அண்ணே இன்னும் வரல’ என்றிருந்தான் அருண்ராஜ்.

சுதா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அண்ணே, வைதேகி யாருன்னு தெரியுமா?”

“தெரிஞ்சிருந்தா அங்கயே போய்ப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லியிருப்பேன்லா.”

“என்கூட செகண்டரி ஸ்கூல்ல படிச்சவ. பதினாறு வயசுல கடைசியாப் பார்த்தேன். இப்ப எந்த ஊர்ல இருக்கான்னு எனக்கே தெரியாது. அந்த டிக்கெட்டை எல்லாம் நான் வாங்கினேன்.”

ரயில் மெட்டாரில் நின்று கிளம்பியது. எதிரில் காய்கறித் தள்ளுவண்டியோடு இருந்த ஒரு பெண்மணி போனைப் பார்ப்பதுபோல் இவர்களைப் பார்த்தாள். தமிழ் புரியும் போலிருந்தது.

“எட்டுமா?” என்றார் அழகப்பன்.

“எட்டும்.”

“ஏன் ஒரே பேர்? வேற வேற பேர் போட்டிருக்கலாம்ல?”

“அதுவா வந்துச்சு. அவசரத்துல தட்டிட்டேன்.”

அவர் மெல்லச் சிரித்தார். “இருபத்தேழு வருஷம் பேப்பர் பார்த்தவன். போலிப் பேப்பரை எட்டு நாளா விரலை வெச்சுப் படிச்சிருக்கேன். கொட்டகையில சொன்னா செருப்பால அடிப்பானுங்க.”

“ரத்துன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரலண்ணே. மேக்கப் போட்டுக்கிட்டு நின்னீங்க.”

“அப்ப நான் யாருக்கு நடிச்சேன்?”

“எனக்கு. நான் கடைசி வரிசைல உக்காந்திருந்தேனே.”

“நீ கடியாரத்தை இல்ல பார்த்துக்கிட்டு இருந்த.”

உண்மைதான். கண் கைக்கடிகாரத்தின் நிமிட முள்ளில். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. வெளியே டிரம்காரன். ஐந்தாம் நாளிலிருந்து கடைசிக் காட்சி இரண்டு நிமிடம் நீண்டதை அவள்தான் கவனித்தாள். அன்று மாலை அவரைக் கடிந்துகொண்டாள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அதுவரை பெட்டியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர், அந்த மூன்றாவது நாற்காலியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். தூங்காமல் வந்த ஒரு பெண்ணை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் பேசினார். ஆறு மாத ஒத்திகையில் சுதா கெஞ்சிக் கேட்டும் வராத குரல் அது. தான் உண்டாக்கிய ஒரு பெயரைப் பார்த்துச் சுதாவுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது அந்தப் பெயரை எடுத்தாகிவிட்டது. இனி அந்தக் குரல் வருமா? அதைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

உபி. காக்கி புக்கிட். அழகப்பன் கண்ணாடியில் தெரிந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடோக் நார்த்தில் தள்ளுவண்டிப் பெண்மணி இறங்கும்போது அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“கோபமாண்ணே?”

“கோபமில்ல. அவளுக்கு நான் ஒரு முகம் வெச்சிருந்தேன். கண்ணாடி போட்டிருப்பா. காலுல வெள்ளை ஷூ. அதை இப்ப எங்க கொண்டுபோய் வெக்கிறதுன்னு பார்க்கிறேன்.”

சுதா அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “அவளை நம்பித்தானே வேலையை விடறேன்னீங்க. அவ இல்லைன்னு சொல்லிட்டேன். லெட்டரைக் கிழிச்சிருங்கண்ணே. நான் அவங்களுக்கு நோ அனுப்பிடறேன். என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க. வேலை மட்டும் இருக்கட்டும்.”

“என்னைக் காப்பாத்த வயித்துவலியோட ஓடி வந்திருக்க.”

“விளையாடாதீங்க.”

தெம்பனிஸ் வெஸ்ட் தாண்டியது. அடுத்த நிலையம் தெம்பனிஸ் என்று நாலு மொழியில் அறிவித்தார்கள். அழகப்பன் எழுந்தார்.

“அண்ணே, எக்ஸ்போவுக்கு இன்னும் மூணு ஸ்டேஷன் இருக்கு.”

“தெரியும். வா.”

கதவு திறந்ததும் இறங்கி நடந்தார். சுதாவும் பின்னால் ஓடினாள். தெம்பனிஸில் மாறினால் பாசிர் ரிஸ். அவர் வீடு. ஆபீஸ் அந்தப் பக்கம் இல்லவே இல்லை. போனை எடுத்தாள்.

“அருண், நீ ஆபீசுக்குப் போ. அண்ணே இறங்கிட்டாரு. வீட்டுக்குப் போறாரு. குடுக்கல!”

“அப்பாடா! ஆறு மணி மெயிலுக்கு என்ன அனுப்பட்டும்க்கா?”

“நோன்னு...”

“போனை வை சுதா” என்றார் அழகப்பன்.

நகரும் படிகளின் அடியில் நின்றிருந்தார். பள்ளி விட்ட கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. சுதா போனை வைத்தாள்.

“நான் வீட்டுக்குப் போறது குடுக்காம இருக்க இல்லம்மா. பூவம்மாகிட்ட சொல்றதுக்கு. ‘இன்னிக்கு வேலையை விட்டுட்டேன்’னு சொல்லணும். தேக்காவுல ஒரு மணி நேரம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எந்த வரில ஆரம்பிக்கிறதுன்னு.”

“அதான் விடலையேண்ணே. எதுக்கு அண்ணிகிட்ட பொய் சொல்லணும்?”

“பொய்யில்ல. தேதிதான் வேற.”

சுதா அவரையே பார்த்தாள்.

“அடிலெய்டுக்கு மூணு வாரம் லீவு கேட்டேன். சீசன் நேரம், முடியாதுன்னாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். மேசைமேல இருந்த ஒரு பேப்பரை எடுத்தேன். வேலையை விடறேன்னு நின்னுக்கிட்டே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். அவகிட்ட லீவுன்னேன். அங்க போறதுக்கு முன்னாடியும் சரி, திரும்பி வந்தப்புறமும் சரி, தினம் ஷிப்ட்டுன்னு கெளம்பிப் போறேன். இதுக்கு மேல ஒரு மாசம் லீவுன்னா அவ நம்ப மாட்டா. அதான் இன்னிக்கு விடற மாதிரி... உனக்கும் அருணுக்கும் அதே கதையைத்தான் மெசேஜாப் போட்டேன்.”

“வைதேகிக்காகன்னு சொன்னீங்களே!”

“அவ எனக்குக் கிடைச்ச சாக்கு. நல்ல சாக்கு. அவ டிக்கெட் வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடி நடந்தது இது.”

“எப்பண்ணே?”

“டிசம்பர் பன்னெண்டு” என்றார் அழகப்பன். “நீ நம்ம மூணு பேருக்கும் அடிலெய்டுக்கு ஃப்ளைட் போட்டது பதிமூணு.”